டிரான்ஸ்மிட்டர் வாங்கும் முன்: கண்மாய்ப் பொட்டலில் விமானம் விடுகிறவர்களுக்கு

பங்குனியில் தண்ணீர் வற்றிவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் பல கண்மாய்கள் மழைக்காலம் வரும்வரை பொட்டலாகத்தான் கிடக்கும். மாடல் விமானம் விட இதைவிட நல்ல இடம் அமையாது. சுற்றிலும் கரை, நடுவில் வெடித்த களிமண், தலைக்கு மேலே கம்பி கிடையாது. சீமைக் கருவேலம் அடர்ந்த மூலையை மட்டும் ஒதுக்கிவிட்டால் போதும். அந்தப் பொட்டலில் காலை ஆறு மணிக்கு ரேடியோவும் (அதுதான் டிரான்ஸ்மிட்டர்) கையுமாக நின்றால், வேடிக்கை பார்க்க வரும் பையன்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள்: "அண்ணே, இந்த ரிமோட் எத்தனை சேனல்? எவ்வளவு தூரம் போகும்?"

சேனல் என்பது விமானத்தில் தனித்தனியாக அசைக்கக்கூடிய ஒவ்வொரு கட்டுப்பாடு. ஆனால் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியவை வேறு. இந்த ரேடியோவுக்கு எந்த ரிசீவர் (விமானத்துக்குள் இருந்து சிக்னலை வாங்கும் பெட்டி) சேரும்? அது அடுத்த வருஷமும் கிடைக்குமா? கூட நிற்கிறவர் கையில் என்ன இருக்கிறது? விமானம் உடையத்தான் செய்யும். இறக்கையை ஒட்டிக்கொள்ளலாம், மோட்டாரை மாற்றலாம், சர்வோ (பட்டைகளை அசைக்கும் சின்ன மோட்டார்) பல்சக்கரம் போனால் இருநூறு ரூபாய்க்குள் புதுசு வரும். பத்து விமானம் போன பிறகும் கையில் நிற்பது டிரான்ஸ்மிட்டர் ஒன்றுதான். ஆகவே கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கை அதற்கு ஒதுக்குங்கள்.

தூரத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு மீட்டர் இறக்கை கொண்ட ஃபோம் விமானம் இருநூறு மீட்டர் தாண்டினாலே, நம் பக்கம் வருகிறதா, போகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. சுமாரான 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோகூடத் திறந்த வெளியில் அதைவிடத் தூரம் எட்டும். பார்வைக்குள் விமானம் விடுகிறவர் தூரத்துக்கென்று கூடுதல் பணம் கொடுக்கத் தேவையே இல்லை.

அலைவரிசையும் அப்படித்தான். முன்பு 35, 72 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளில் அலைவரிசையை முடிவு செய்யும் கிரிஸ்டலை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரே கிரிஸ்டலில் இரண்டு பேர் ஆன் செய்தால் யாராவது ஒருவர் விமானம் தரையில். இப்போதைய 2.4 ரேடியோக்கள் தாமாகவே அலைவரிசை தாவுவதால் நாலைந்து பேர் சேர்ந்து பறக்கவிடலாம். இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-லேயே வழி செய்துவிட்டார்கள். நெடுந்தூரத்துக்கென்று விற்கும் 915 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளை வாங்காதீர்கள். இங்கே உரிமம் வேண்டாத பட்டை 865 முதல் 868 வரைதான். 915-ஐ ஒட்டிய பகுதி செல்பேசிக்கு உரியது.

அடுத்தது மோடு, அதாவது எந்த ஸ்டிக் எதை அசைக்கும் என்ற அமைப்பு. மோடு 2-இல் இடது ஸ்டிக்கில் த்ராட்டிலும் (மோட்டார் வேகம்) ரட்டரும் (வாலின் செங்குத்துப் பட்டை), வலது ஸ்டிக்கில் எலிவேட்டரும் (வாலின் படுக்கைப் பட்டை) ஐலரானும் (இறக்கையின் ஓரப் பட்டை). மோடு 1-இல் த்ராட்டிலும் ஐலரானும் வலது பக்கம், எலிவேட்டரும் ரட்டரும் இடது பக்கம். நம் நாட்டில் பெரும்பாலோர் கையில் இருப்பது மோடு 2. எது சிறந்தது என்ற வாதத்தில் நேரத்தை விடாதீர்கள். நீங்கள் தடுமாறும்போது ரேடியோவைக் கையில் வாங்கி விமானத்தைக் காப்பாற்றப் போகிறவர் எந்த மோடில் பறக்கிறாரோ அதுவே உங்கள் மோடும். விரல் ஒருமுறை பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. ஆர்டர் போடும்போது பெட்டியில் மோடு 2 என்று இருக்கிறதா என ஒருமுறை பாருங்கள். தவறி மோடு 1 வந்துவிட்டால், பல ரேடியோக்களில் பின்மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கை இடம் மாற்றி மெனுவிலும் மாற்றலாம். ஆனால் முதல் நாளே திருப்புளி எடுக்கும் நிலை வேண்டாம்.

பணம் அதிகம் வீணாவது ரிசீவர் விஷயத்தில். 2.4 என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றோடொன்று பேசும் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அப்படிப் பேசாது, ஒவ்வொரு கம்பெனி ரேடியோவுக்கும் தனி மொழி. ஃப்ளைஸ்கை ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ-வில் பேசும்; பழைய ஏஎஃப்எச்டிஎஸ் வேறு, புதிய 3 வேறு. ஸ்பெக்ட்ரமுக்கு டிஎஸ்எம்2, டிஎஸ்எம்எக்ஸ். ஃபுடாபாவுக்கு எஸ்-எஃப்எச்எஸ்எஸ், டி-எஃப்எச்எஸ்எஸ், ஃபாஸ்ட் என்று தனித்தனி. ஃபிரஸ்கையில் டி8, டி16, ஆக்ஸஸ் என்று மூன்று. டி16-க்குள்ளேயே ஐரோப்பிய ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) ஒன்று, மற்ற நாட்டு ஃபர்ம்வேர் ஒன்று. இரண்டும் பொருந்தாவிட்டால் எத்தனை முறை முயன்றாலும் பைண்ட் ஆகாது, ரேடியோவும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு சேராது. நம் பக்கம் இந்தச் சாமான்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பார்சலில்தான் வருகின்றன. தவறான ரிசீவர் வந்தால் ஒரு வாரம் போச்சு. ரேடியோ வாங்கும் அன்றே கூடுதலாக ஒரு ரிசீவரும் சேர்த்து வாங்குவது நல்லது. இரண்டாவது விமானம் நிச்சயம் வரும். ரிசீவரைப் பிடுங்கிப் பிடுங்கி மாற்றினால் ஆன்டெனாதான் முதலில் அறுந்துபோகும்.

முதல் ரேடியோவாக எதை வாங்கலாம் என்று கேட்டால் சொல்வது இது. ஒரே ஒரு ஹைவிங் டிரெய்னர் (இறக்கை உடலுக்கு மேலே இருக்கும், பழகுவதற்கான விமானம்), அதற்குப் பிறகு இன்னொன்று, அவ்வளவுதான் என்றால் ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 அல்லது ஐ6எக்ஸ் போதும். கூட வரும் ஐஏ6பி ரிசீவரில் இரண்டு ஆன்டெனா உண்டு, ஆறு சேனலுக்குத் தனித்தனி பின்கள் உண்டு. ரேடியோ இருபது மாடல் வரை, அதாவது இருபது விமானத்தின் அமைப்புகளை, நினைவில் வைக்கும். ஆறு மாதத்தில் டெல்டா (முக்கோண இறக்கை விமானம்), கிளைடர், ட்ரோன் என்று போய்விடுவோம் என்பது இப்போதே தெரிகிறதா? நேராக எட்ஜ்டிஎக்ஸ் என்ற மென்பொருள் ஓடும் ரேடியோவுக்குப் போய்விடுங்கள். ரேடியோமாஸ்டர் பாக்ஸர், டிஎக்ஸ்16எஸ் மாதிரி. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பெயரும் பெட்டியும் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருந்து சிக்னல் அனுப்பும் மாட்யூல் வேறு. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற சிக்னல் முறை கொண்ட வகை என்றால் அந்த ரிசீவர்களோடு மட்டும் பேசும். ஃபோர்-இன்-ஒன் வகை என்றால் நான்கு சிப்புகள்: ஏ7105 ஃப்ளைஸ்கைக்கு, சிசி2500 ஃபிரஸ்கைக்கும் ஃபுடாபா எஸ்-எஃப்எச்எஸ்எஸ்-க்கும், சிஒய்ஆர்எஃப்6936 ஸ்பெக்ட்ரமுக்கு, என்ஆர்எஃப்24எல்01 பொம்மை ஹெலிகாப்டர் மாதிரி சிறு சாமான்களுக்கு. வீட்டில் ஏற்கெனவே பழைய ஃப்ளைஸ்கை ரிசீவர்கள் கிடந்தால் ஃபோர்-இன்-ஒன் எடுங்கள். ஒன்றுமே இல்லை, இனிமேல்தான் தொடக்கம் என்றால் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ். இந்த இரண்டு ரேடியோவிலும் முதுகில் வெளி மாட்யூலுக்கு இடம் இருப்பதால் இன்னொன்றைப் பிறகு செருகிக்கொள்ளலாம்.

எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ட்ரோன்காரர்களிடமிருந்து வந்தது. விமானத்துக்குப் போடுகிறவர் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ரேடியோ, ரிசீவர் இரண்டின் ஃபர்ம்வேரிலும் முதல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 2, இன்னொன்று 3 என்றால் சேராது. அடுத்தது, ஐந்தாம் சேனலை அது ட்ரோனின் ஆர்ம் சுவிட்ச்சுக்கென்று (மோட்டார் ஓட அனுமதிக்கும் சுவிட்ச்) ஒதுக்கி வைத்திருக்கிறது. வழக்கமான அமைப்பில் அந்தச் சேனல் இரண்டே நிலையில் நிற்கும், மேலே அல்லது கீழே. பழைய பழக்கத்தில் இரண்டாவது ஐலரானை ஐந்தாம் பின்னில் செருகினால், ஸ்டிக்கை லேசாக அசைத்ததுமே ஒரு இறக்கையின் ஐலரான் மட்டும் கடைசி வரை அடித்துத் திரும்பும். ரிசீவர் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. ஆறாம் சேனலுக்கு மாற்றினால் சரியாகிவிடும். வாங்கும்போது விமானத்துக்கான பிடபிள்யூஎம் வகை (சர்வோவை நேரே செருகும் பின்கள் உள்ள) ரிசீவர்தானா என்றும் பாருங்கள். ட்ரோனுக்கான சின்ன ரிசீவரில் சர்வோ செருகவே இடம் இருக்காது.

சேனல் எண்ணிக்கைக்கு வருவோம். ஐலரான், எலிவேட்டர், த்ராட்டில், ரட்டர் என்று நான்கு. ஐலரான் சர்வோ இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தால் ஐந்து, ஃபிளாப் (மெதுவாக இறங்க இறக்கையில் தாழ்த்தும் பட்டை) சேர்த்தால் ஆறு. முதல் மூன்று விமானத்துக்கு ஆறு தாராளம். சேனலைவிட மெனுதான் முக்கியம்: ரிவர்ஸ் (சர்வோ திசையை மாற்றுவது), எண்ட் பாயின்ட் (சர்வோ எவ்வளவு தூரம் போகலாம் என்ற எல்லை), டூயல் ரேட் (அந்த அசைவை ஒரு சுவிட்ச்சில் குறைப்பது), எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்குவது), டெல்டாவுக்கான எலிவான் மிக்ஸ் (எலிவேட்டர், ஐலரான் இரண்டையும் ஒரே பட்டைகளில் சேர்ப்பது), த்ராட்டிலை ஒரே சுவிட்ச்சில் நிறுத்தும் வசதி. இவ்வளவும் இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். திரையே இல்லாமல், கேபிள் போட்டுக் கணினியில் மட்டும் மாற்றும் ஆறு சேனல் ரேடியோக்கள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. எலிவேட்டர் தலைகீழாக வேலை செய்கிறது என்று பொட்டலில் தெரியவந்தால் வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

எக்ஸ்போ பற்றிக் கொஞ்சம். புதிதாகப் பழகுகிறவருக்கு ஐலரானிலும் எலிவேட்டரிலும் எழுபது சதவீத ரேட், முப்பது சதவீத எக்ஸ்போ நல்ல தொடக்கம். ஆனால் கூட்டலா கழித்தலா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்பெக்ட்ரமிலும் எட்ஜ்டிஎக்ஸிலும் கூட்டல் போட்டால் நடுவில் மென்மையாகும். ஃபுடாபாவில் கழித்தல் போட வேண்டும். மாற்றிப் போட்டால் நடுவில் ஊசி மாதிரி கூர்மையாகி, பறந்த ஐந்தாவது நொடியே விமானம் துள்ளும். திரையில் வரும் வளைகோட்டைப் பாருங்கள். நடுப்பகுதி படுத்த மாதிரி இருந்தால் சரி, நிமிர்ந்து நின்றால் தப்பு.

ஸ்டிக்குகளை எவ்வளவு கவனித்தாலும் தகும். பழைய வகை கிம்பலில் (ஸ்டிக்கைத் தாங்கும் பொறி) ஒரு சின்ன உலோக நாக்கு கரிப்பாதை மேல் உரசி ஓடும். நம் ஊர்ச் செம்மண் தூசி மாவு மாதிரி. ஆடிக் காற்றில் அது ஸ்டிக்கின் அடியில் இருக்கும் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, அந்தப் பாதை மேல் படியும். ரேடியோவைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சேனல் அளவு காட்டும் திரையைத் திறந்து, ஐலரான் ஸ்டிக்கை ஓரம் முதல் ஓரம் வரை பத்து நொடி எடுத்து மெதுவாக நகர்த்துங்கள். கோடு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஓரிடத்தில் நின்று, பிறகு ஒரு குதி குதித்தால் அங்கே தூசி. ஸ்டிக்கை விட்டதும் நடுவுக்கு வருகிறதா, ஒவ்வொரு முறையும் அதே எண்ணில் நிற்கிறதா என்றும் பாருங்கள். இடமிருந்து விட்டால் ஓர் எண், வலமிருந்து விட்டால் வேறு எண் என்றால் விமானம் ஒரு நாளும் ட்ரிம்மில் நிற்காது, ஸ்டிக்கை விட்டால் நேராகப் பறக்காது. பழைய ரேடியோ வாங்குகிறவர் இந்தச் சோதனை செய்யாமல் பணம் கொடுக்கவே கூடாது. ஹால் சென்சார் கிம்பலில் உரசும் பாகமே கிடையாது, காந்தமும் சென்சாரும்தான். மண்ணும் வெயிலும் உள்ள நம் பக்கத்துக்கு, விலை கொஞ்சம் கூடினாலும் ஹால் கிம்பல் உள்ளதையே எடுங்கள். பழைய வகைதான் கையில் இருக்கிறதென்றால் உறையில்லாமல் தரையில் வைக்காதீர்கள். உள்ளே எண்ணெய் விடாதீர்கள், தூசி பசையாகிவிடும். மென்மையான பிரஷ், தேவைப்பட்டால் எலக்ட்ரானிக்ஸ் கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி, பிறகு காலிபரேஷன் (ஸ்டிக்கின் நடுவையும் ஓரங்களையும் மெனுவில் மறுபடி பதிவது). அது போதும்.

கட்டைவிரல் நுனியை மட்டும் ஸ்டிக் மேல் வைத்துப் பறக்கவிடுகிறவருக்குச் சிறிய ரேடியோ ஒத்துவரும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பிடிக்கிறவருக்குப் பெரிய உடலும் கழுத்துப் பட்டையும் வேண்டும். கோடை வெயிலில் வண்ணத் திரை சில ரேடியோக்களில் படிக்கவே முடியாது. கறுப்பு வெள்ளைத் திரை இங்கே வசதி. மின்கலம் குறைந்தால் வாயால் சொல்லும் ரேடியோ என்றால் இன்னும் நிம்மதி, கண்ணை விமானத்திலிருந்து எடுக்க வேண்டாம்.

எஃப்எஸ்-ஐ6-க்கு நான்கு ஏஏ செல். பெட்டிக்கடை மலிவு செல்கள் வேண்டாம், கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் நான்கு போடுங்கள். சிலர் இரண்டு செல் லைப்போவை (லித்தியம் பாலிமர் பேட்டரி) அப்படியே இணைத்துவிடுகிறார்கள். முழு சார்ஜில் அது 8.4 வோல்ட், ரேடியோவோ ஆறு வோல்ட்டுக்குச் செய்த பெட்டி.

பொட்டலில் ஒரு பேச்சு அடிக்கடி கேட்கும்: "ரேடியோ சிக்னல் போயிருச்சு." பல நேரம் சிக்னல் போயிருக்காது, ரிசீவருக்குக் கரண்ட் போயிருக்கும். மலிவான ஈஎஸ்சி-யில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை) உள்ள லீனியர் பிஈசி-யில் (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கரண்ட் தரும் பகுதி) 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். மூன்று செல் லைப்போவில் நான்கு சர்வோ ஒரே நேரத்தில் இழுத்தால் அது சூடாகி வோல்ட்டேஜைக் கீழே விடும். ரிசீவர் அணைந்து மறுபடி எழும்பும். அந்த ஒரு நொடியில் விமானம் கையை விட்டுப் போய்விடும். விலை கூடிய டிரான்ஸ்மிட்டர் வாங்கினாலும் இது தீராது. ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, மேசை மேல் இரண்டு ஸ்டிக்கையும் சுற்றிச் சுற்றி அரை நிமிடம் வேகமாக ஆட்டுங்கள், ரிசீவர் வோல்ட்டேஜைத் திரையில் பாருங்கள். ஐஏ6பி அதைத் தானே அனுப்பும். 4.5-க்குக் கீழே இறங்கினால் 5 வோல்ட் 3 ஆம்பியர் யூபிஈசி (அதே வேலைக்கான தனிச் சாதனம்) போட்டு, ஈஎஸ்சி பிளக்கிலிருந்து நடுவில் உள்ள சிவப்பு வயரை மட்டும் உருவி டேப் சுற்றிவிடுங்கள்.

புது ரேடியோ வந்ததும் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன், ஐ6-ஐ வைத்தே. ப்ரொப்பல்லரைக் கழற்றுங்கள். ரிசீவரின் பி/விசிசி இடத்தில் பைண்ட் பிளக்கைச் செருகிக் கரண்ட் கொடுத்தால் விளக்கு வேகமாக மினுக்கும். ரேடியோவின் பைண்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்யுங்கள். சேர்ந்ததும் பிளக்கை எடுத்துவிட்டு இரண்டையும் அணைத்து ஆன் செய்யுங்கள். ஆன் செய்யும்போது எல்லாச் சுவிட்ச்சும் மேலே, த்ராட்டில் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் எச்சரிக்கை காட்டிக்கொண்டு நிற்கும், அது பழுது இல்லை. மெனுவில் எதை மாற்றினாலும் கேன்சல் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் சேமிப்பாகும். சும்மா ஒரு தட்டு தட்டினால் மாற்றியது எல்லாம் போய்விடும். ரிவர்ஸ் செய்தோம், நிற்கவில்லையே என்று குழம்புகிறவர்களுக்குக் காரணம் இதுதான்.

அடுத்து ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு. ஆர்எக்ஸ் (ரிசீவர்) செட்அப்புக்குள் போய் மூன்றாம் சேனலை, அதாவது த்ராட்டிலை, எடுத்து, த்ராட்டில் ஸ்டிக்கை அடியோடு இறக்கி, ஆன் செய்து சேமியுங்கள். பிறகு மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு ரேடியோவை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காத விமானத்தைப் பொட்டலுக்கு எடுத்துப் போகவே கூடாது. மாடு மேய்க்கிறவர்களும் பிள்ளைகளும் நடமாடும் இடம் அது. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் பிடபிள்யூஎம் ரிசீவரில் இதை ரிசீவரின் வைஃபை பக்கத்தில் அமைக்க வேண்டும், ரேடியோ மெனுவில் தேடாதீர்கள்.

ஆன்டெனாவின் கடைசி 31 மில்லிமீட்டர்தான் வேலை செய்யும் பகுதி. இரண்டு இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, லைப்போவுக்கும் கார்பன் குழாய்க்கும் விலகி வையுங்கள். ரேடியோ ஆன்டெனாவின் நுனியை விமானத்தை நோக்கி நீட்டாதீர்கள். நுனித் திசையில்தான் அலை மிகக் குறைவு. பக்கவாட்டில் மடக்கிவிடுங்கள்.

ரேஞ்ச் சோதனையை வீட்டுக்குள் செய்யாதீர்கள். முகப்பில் விமானத்தை வைத்துவிட்டு வளவைத் தாண்டிப் பின்கட்டு வரை ரேடியோவோடு நடந்தால், நடுவில் இருக்கும் கனத்த சுவர்களையும் இரும்புக் கம்பிகளையும்தான் அளப்பீர்கள். பொட்டலில், விமானத்தை ஒரு ஸ்டூல் மேல் வைத்துச் செய்யுங்கள். ரேஞ்ச் டெஸ்ட் வசதி உள்ள ரேடியோ என்றால் அதை ஆன் செய்து முப்பது தப்படி. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்றால் சக்தியை 10 மில்லிவாட்டுக்குக் குறைத்து நடந்து பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் முழுச் சக்தியில் இருநூறு மீட்டர் நடந்துபோய், ஒரு ஆள் விமானத்தின் பக்கத்தில் நின்று சர்வோக்களைப் பார்த்துச் சொல்லட்டும். ஒரு முறை மோட்டார் நிற்க, ஒரு முறை மோட்டார் பாதி வேகத்தில் ஓட.

செல் டவர் பற்றிய பயம் முழுக்கப் பொய் இல்லை. 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரை நம் நாட்டில் 4ஜி ஓடுகிறது. நம் ரேடியோ தொடங்குவது அந்த விளிம்பில். டவர் பக்கத்தில் நின்றால் ரிசீவரின் காது மந்தமாகிவிடும், சில நூறு மீட்டர் தள்ளிப் போங்கள். சட்டைப்பையில் ஹாட்ஸ்பாட் ஓடும் போனும் வேண்டாம். அதைவிடப் பெரிய தடை கண்மாய்க் கரை. மண்ணைத் துளைத்து 2.4 போகாது. விமானம் கரைக்கு அந்தப் பக்கம் தாழ்ந்தால் தொடர்பு அறுந்துவிடும். கரை மேலேறி நின்று விட்டால் இரு பக்கமும் பார்வையும் இருக்கும், சிக்னலும் இருக்கும்.

வெளிநாட்டுத் தளத்தில் விலை குறைவு என்று ரேடியோவை நேரடியாக வரவழைக்காதீர்கள். வயர்லெஸ் கருவி இறக்குமதிக்கு இடிஏ என்ற அரசு ஒப்புதல் வேண்டும். சுங்கத்தில் நின்றுவிட்டால் மீட்பது கஷ்டம். 2021 ட்ரோன் விதிகளின்படி பொழுதுபோக்குக்கான மாடல் விமானத்தைக் கண்பார்வைக்குள்தான் ஓட்ட வேண்டும். இரண்டு கிலோ வரையுள்ளதை வணிகமில்லாமல் ஓட்டப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி கேட்காமல் பறக்கவிடக்கூடிய பகுதி) நானூறு அடி வரை. போகும் இடம் பச்சைதானா என்று டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிநாடு பக்கம் இருக்கும் இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பழைய ஓடுதளத்தைப் பார்த்தால் ஆசை வரும். அரசு நிலம், அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம்.

மாடல் நினைவு இருபது இருந்தால், இருபதுக்கும் பெயர் எழுதுங்கள். டெல்டாவின் மாடலில் டிரெய்னரை எறிந்தால் பிழைக்காது. கையிலிருந்து விடும் முன் விமானத்தின் பின்னால் நின்று, ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளுங்கள்: வலது ஐலரான் மேலே எழ வேண்டும். ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுங்கள்: எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ஒவ்வொரு லைப்போ மாற்றும்போதும் இதைச் செய்யுங்கள்.